லினக்ஸுக்கு மாறினேன், சத்தம் போய்விட்டது: அடிக்கடி வரும் கேள்விகள்

நண்பர்கள், உறவினர்கள் என்று பலருடைய கணினிகளுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறேன். போட்ட அன்று எல்லோரும் சந்தோஷமாகத்தான் போவார்கள், அப்புறம் இரண்டு நாளில் கூப்பிடுவார்கள், "எல்லாம் நல்லா இருக்கு, சத்தம் மட்டும் வரல". திரும்பத் திரும்ப அதே கேள்விகள் வந்ததால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. முதல் ஐந்தை வரிசையாகப் படித்துவிடுங்கள், மற்றதை உங்கள் தொல்லைக்கு ஏற்றபடி பார்த்துக்கொள்ளலாம்.

1. விண்டோஸில் நன்றாகப் பாடிக்கொண்டிருந்தது, லினக்ஸ் போட்டதும் ஒரே ஊமை. சவுண்ட் டிரைவரை எங்கே டவுன்லோட் செய்வது?

எங்கேயும் இல்லை. லினக்ஸில் சவுண்ட் டிரைவர் கெர்னலோடு (லினக்ஸின் மையப் பகுதி அது) சேர்ந்தே வருகிறது, தயாரிப்பாளரின் தளத்தில் போய்த் தேடும் பழக்கத்தை இங்கே விட்டுவிடலாம். சில லேப்டாப்களுக்கு டிரைவரோடு ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ளேயே ஓடும் குட்டி நிரல்) என்று இன்னொரு துண்டும் வேண்டும், அதை 6-ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

முதலில் சவுண்ட் செட்டிங்ஸைத் திறந்து அவுட்புட் என்ற இடத்தில் எது தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். ஸ்பீக்கருக்குப் பதிலாக எச்டிஎம்ஐ என்று இருந்தால், சத்தம் மானிட்டருக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே இல்லாமலும் இருக்கலாம். அதோடு விசைப்பலகையின் மியூட் விசை, பிரவுசரில் அந்த டேப் மியூட் ஆகியிருக்கிறதா, வெளி ஸ்பீக்கர் என்றால் அதன் பவர் பட்டன், இவற்றையும் பார்த்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், ஒருமுறை முக்கால் மணி நேரம் டெர்மினலில் (கட்டளைகளை அடிக்கும் திரை) மல்லுக்கட்டிவிட்டுக் கடைசியில் ஸ்பீக்கரின் குமிழைத் திருப்பி வெற்றி கண்டவன் நான்.

2. ஆல்சா, பல்ஸ்ஆடியோ, பைப்வயர் என்று ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். என் கணினியில் இருப்பது எது?

ஒன்றுக்கு மேல் இருக்கும், ஏனென்றால் இவை ஒன்றன் மேல் ஒன்றாக உட்காரும் அடுக்குகள். அடியில் ஆல்சா, சவுண்ட் சிப்போடு நேரடியாகப் பேசுவது அதுதான், 2003-இல் வந்த 2.6 கெர்னலிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அதற்கு மேல் ஒரு சவுண்ட் சர்வர். பிரவுசர், பாட்டு பிளேயர், மீட்டிங் செயலி எல்லாம் தங்கள் சத்தத்தை அதனிடம் கொடுக்கும், அது கலந்து கீழே அனுப்பும். பல வருடம் அந்த வேலையைப் பார்த்தது பல்ஸ்ஆடியோ. இப்போது அந்த நாற்காலியில் பைப்வயர் இருக்கிறது: டிஸ்ட்ரோ எனப்படும் லினக்ஸ் வகைகளில், ஃபெடோரா 34-இல் (2021), உபுண்டு 22.10-இல் (2022), லினக்ஸ் மின்ட் 22-இல் (2024) அது இயல்பாகவே வந்துவிட்டது. பைப்வயரோடு வயர்பிளம்பர் என்று ஒரு மேஸ்திரியும் வருவார், எந்தச் சத்தத்தை எந்தக் கருவிக்கு அனுப்புவது என்று முடிவு செய்வது அவர்தான்.

உங்களிடம் எது என்று தெரிய டெர்மினலில் பிஏசிடிஎல் இன்ஃபோ என்று அடித்து, சர்வர் நேம் என்ற வரியைப் பாருங்கள். பல்ஸ்ஆடியோ ஆன் பைப்வயர் என்று வந்தால் குழம்ப வேண்டாம், ஓடுவது பைப்வயர்தான், பழைய செயலிகளுக்காக பல்ஸ்ஆடியோ வேஷம் போட்டிருக்கிறது.

இந்த அடுக்குகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். செயலி, சர்வர், ஆல்சா, சிப், ஸ்பீக்கர் என்ற வரிசை மட்டும் நினைவிருந்தால் போதும். சத்தம் இந்த வழியில் எந்த இடத்தில் நின்றுவிட்டது என்று கண்டுபிடிப்பதுதான் வேலையே, அது தெரிந்தால் பழுது பார்ப்பது ஐந்து நிமிடம்.

3. கட்டளைகளைத் தமிழில் எழுதியிருக்கிறீர்களே, அப்படியே அடிப்பதா? டெர்மினல் என்றாலே எனக்கு உதறல்.

உச்சரிப்பைத்தான் எழுதியிருக்கிறேன், அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்துகள். தனித்தனி எழுத்தாக வாசிக்க வேண்டியதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

டெர்மினல் பிடிக்காவிட்டால் பாவுகன்ட்ரோல் என்ற செயலியை நிறுவிக்கொள்ளுங்கள். மென்பொருள் கடையில் பல்ஸ்ஆடியோ வால்யூம் கன்ட்ரோல் என்ற பெயரில் கிடைக்கும், பைப்வயரிலும் வேலை செய்யும். அதில் பிளேபேக் என்ற முதல் டேபில் ஒரு பாட்டை ஓடவிட்டுப் பாருங்கள், செயலியின் பெயருக்குக் கீழே ஒரு பட்டை பாட்டுக்கு ஏற்ப ஆடும். ஆடாவிட்டால் கோளாறு செயலியில், அதாவது மியூட் ஆகியிருக்கிறது அல்லது வேறு கருவியைப் பிடித்திருக்கிறது. அங்கே ஆடினால் அவுட்புட் டிவைசஸ் டேபுக்குப் போய் ஸ்பீக்கரின் பட்டையைப் பாருங்கள். அதுவும் ஆடியும் காதில் ஒன்றும் விழவில்லை என்றால் சர்வர் தன் வேலையைச் செய்துவிட்டது, கோளாறு அதற்குக் கீழே. இந்த இரண்டு பட்டைகளைப் பார்த்தாலே பாதித் துப்பறிதல் முடிந்துவிடும்.

4. மானிட்டரைச் செருகும் ஒவ்வொரு முறையும் சத்தம் அங்கே தாவிவிடுகிறது. நிரந்தரமாக நிறுத்த முடியாதா?

முடியும். பாவுகன்ட்ரோலின் கடைசி டேப் கான்ஃபிகரேஷன். அங்கே கிராஃபிக்ஸ் அட்டையின் எச்டிஎம்ஐ சவுண்ட் தனி அட்டையாகத் தெரிந்தால் அதன் புரொஃபைலை ஆஃப் என்று வைத்துவிடுங்கள், அதன் பிறகு அது பட்டியலிலேயே வராது. மானிட்டரில் நல்ல ஸ்பீக்கர் வாங்கி மாட்டினால் திரும்ப ஆன் செய்ய மறக்காதீர்கள், செய்ததை மறந்துவிட்டு என்னிடமே "எச்டிஎம்ஐயில் சத்தம் வரவில்லை" என்று வந்தவர்கள் இருக்கிறார்கள்.

5. நீங்கள் சொன்ன இரண்டு பட்டையும் ஆடுகிறது, வால்யூம் 100, ஆனாலும் சத்தம் இல்லை.

அப்படியானால் ஆல்சா மட்டத்தில் ஏதோ மியூட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். டெர்மினலில் ஆல்சாமிக்சர் என்று ஒரே சொல்லாக அடியுங்கள். கறுப்புத் திரையில் வரிசையாகச் செங்குத்துப் பட்டைகள் வரும். திறந்ததும் ஒன்றிரண்டு பட்டைதான் தெரிகிறது என்றால் நீங்கள் பார்ப்பது பைப்வயர் காட்டும் போலி அட்டை, எஃப்6 அழுத்தி உண்மையான சவுண்ட் அட்டையைத் தேர்ந்தெடுங்கள். இப்போது மாஸ்டர், ஹெட்போன், ஸ்பீக்கர், பிசிஎம் என்று நிறையப் பட்டைகள் வரும்.

ஒவ்வொரு பட்டையின் அடியிலும் ஒரு சின்னப் பெட்டி. அதில் பச்சையில் இரண்டு பூஜ்யம் மாதிரித் தெரிந்தால் திறந்திருக்கிறது. இரண்டு எம் இருந்தால் மியூட். வில்லனே அந்த இரண்டு எம்தான், முக்கியமாக ஸ்பீக்கர் பட்டைக்குக் கீழே. அம்புக்குறியால் அந்தப் பட்டைக்குப் போய் எம் விசையை ஒருமுறை தட்டினால் மாறிவிடும், மேல் அம்பால் அளவை ஏற்றுங்கள். வலது ஓரத்தில் ஆட்டோ மியூட் மோட் என்று ஒன்று இருந்தால் அதை டிஸேபிள்டு ஆக்கிப் பாருங்கள். ஹெட்போன் செருகினால் ஸ்பீக்கரை அடக்குவது அதன் வேலை, ஜாக்கில் தூசி இருந்து எப்போதும் ஹெட்போன் செருகியிருப்பதாக அட்டை நம்பிக்கொண்டால் ஸ்பீக்கர் வாயே திறக்காது. எஸ்கேப் அழுத்தி வெளியே வந்து, மாற்றம் நிலைக்க, முன்னால் சூடோ (நிர்வாகி அனுமதியோடு ஓட்டச் சொல்லும் சொல்) போட்டு ஆல்சாசிடிஎல் ஸ்டோர் என்று ஒருமுறை அடித்துவிடுங்கள்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க ஸ்பீக்கர்-டெஸ்ட் என்ற கட்டளை இருக்கிறது. அதற்குப் பின்னால் கழித்தல் சி 2, கழித்தல் டி வேவ் என்று சேர்த்து அடித்தால் ஒரு பெண் குரல் ஃபிரண்ட் லெஃப்ட், ஃபிரண்ட் ரைட் என்று மாறி மாறிச் சொல்லும். கன்ட்ரோல் சி அழுத்தும் வரை விடாமல் சொல்லும்.

6. செட்டிங்ஸில் ஸ்பீக்கரே இல்லை, டம்மி அவுட்புட் என்று மட்டும் காட்டுகிறது.

இது வேறு வகை. சர்வருக்கு எந்த அட்டையும் கண்ணில் படவில்லை, அதனால் ஒப்புக்கு ஒரு பொம்மையை வைத்திருக்கிறது. ஏபிளே என்று அடித்து, இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் சின்ன எல்லும் போடுங்கள், கெர்னலுக்குத் தெரிந்த அட்டைகளின் பட்டியல் வரும்.

பட்டியலில் அட்டை இருக்கிறது, ஆனால் டம்மி காட்டுகிறது என்றால் சர்வர்தான் படுத்துவிட்டது. சிஸ்டம்சிடிஎல், பிறகு இரட்டைக் கழித்தலோடு யூசர், பிறகு ரீஸ்டார்ட் பைப்வயர் பைப்வயர்-பல்ஸ் வயர்பிளம்பர் என்று அடித்தால் எழுந்துகொள்ளும். இதற்கு முன்னால் சூடோ போடாதீர்கள்! இவை உங்கள் கணக்கின் கீழ் ஓடும் சேவைகள், ரூட்டாக, அதாவது நிர்வாகியாக, போய்த் தேடினால் அங்கே இருக்காது. இதைச் சொல்லியும் பாதிப் பேர் கைப்பழக்கத்தில் சூடோ போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள்.

பட்டியலிலேயே அட்டை இல்லை என்றால் பெரும்பாலும் ஃபர்ம்வேர். புதிய இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் சத்தத்தை ஒரு தனி டிஎஸ்பி (சத்த வேலைக்கென்றே உள்ள சிப்) கையாளுகிறது, அது ஓட சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர், சுருக்கமாக எஸ்ஓஎஃப், வேண்டும். தொகுப்பின் பெயர் டெபியனில் ஃபர்ம்வேர்-எஸ்ஓஎஃப்-சைன்டு, ஃபெடோராவில் ஆல்சா-எஸ்ஓஎஃப்-ஃபர்ம்வேர், ஆர்ச்சில் எஸ்ஓஎஃப்-ஃபர்ம்வேர். ஆர்ச் போட்டவர்கள் அடிக்கடி மறக்கும் தொகுப்பு இதுதான். நிறுவிவிட்டு முழுதாக ஷட்டவுன் செய்து திறந்து பாருங்கள். சூடோவோடு டிஎம்இஎஸ்ஜி அடித்து, வரும் வரிகளில் எஸ்ஓஎஃப் என்று தேடினால் ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்ற புலம்பல் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

7. ஹெட்போனில் அருமையாகக் கேட்கிறது, லேப்டாப் ஸ்பீக்கரில் மட்டும் இல்லை. அல்லது தகரடப்பா மாதிரி கேட்கிறது.

முதலில் 5-இல் சொன்ன ஆட்டோ மியூட், ஸ்பீக்கர் பட்டை இரண்டையும் பாருங்கள். அவை சரி என்றால் கொஞ்சம் கசப்பான செய்தி. சில புதிய லேப்டாப்களில் ஸ்பீக்கருக்கு முன்னால் ஸ்மார்ட் ஆம்ப் என்ற தனி ஆம்ப்ளிஃபையர் சிப் இருக்கும், சிரஸ் லாஜிக்கின் சிஎஸ்35எல்41, டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஏஎஸ்2781 போன்றவை. ஒவ்வொரு மாடலுக்கும் அதைத் தட்டி எழுப்பும் விதம் வேறு, அந்த விவரம் கெர்னலில் சேர்க்கப்படும் வரை ஆம்ப் தூங்கிக்கொண்டே இருக்கும். ஹெட்போன் அந்த வழியாகப் போவதில்லை, அதனால் அது பாடுகிறது. நான்கு ஸ்பீக்கர் உள்ள லேப்டாப்பில் கீச்சுக்குரல் இரண்டு மட்டும் வேலை செய்து பேஸ் இரண்டும் தூங்கினால்தான் அந்தத் தகரடப்பா சத்தம்.

இதற்கு நீங்கள் செய்யக்கூடியது கெர்னலையும் லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பையும் புதுப்பிப்பதுதான். நீண்ட கால ஆதரவுப் பதிப்பில் இருந்தால், புதிய கெர்னல் உள்ள வேறொரு டிஸ்ட்ரோவை யூஎஸ்பியிலிருந்து லைவாக, அதாவது நிறுவாமலே, ஓட்டிப் பாருங்கள். அதில் ஸ்பீக்கர் பாடினால் விடை கிடைத்துவிட்டது.

8. விண்டோஸும் வைத்திருக்கிறேன். அங்கிருந்து ரீஸ்டார்ட் செய்து லினக்ஸுக்கு வந்தால் மட்டும் ஹெட்போன் ஊமையாகிவிடுகிறது.

சிப்பை விண்டோஸ் விட்டுப்போன நிலையிலேயே லினக்ஸ் எடுத்துக்கொள்வதால் வரும் சிக்கல். ரீஸ்டார்ட்டில் சிப்புக்கு மின்சாரம் நிற்பதில்லை, பழைய நினைவு அப்படியே இருக்கும். விண்டோஸின் பவர் செட்டிங்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிட்டு, முழுதாக ஷட்டவுன் செய்து, பத்து வினாடி விட்டுத் திறந்து பாருங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் விண்டோஸின் ஷட்டவுன் உண்மையில் அரைத் தூக்கம்தான், அதனால் அதை எப்படியும் நிறுத்துவது நல்லது, ஹார்ட் டிஸ்க்குக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

9. ஒவ்வொரு முறை பாட்டு போடும்போதும் 'டப்' என்று ஒரு சத்தம், முதல் சொல்லையும் விழுங்கிவிடுகிறது.

மின்சேமிப்பு. கொஞ்ச நேரம் சத்தம் இல்லாவிட்டால் கெர்னல் சிப்பைத் தூங்க வைக்கிறது, எழும்போது அது 'டப்' என்று தலையில் இடித்துக்கொள்கிறது. எஸ்என்டி எச்டிஏ இன்டெல் என்ற கெர்னல் பகுதிக்கு பவர் சேவ் என்ற அளவுரு உண்டு, அதை 0 ஆக்கினால் நின்றுவிடும். டிஎல்பி என்ற மின்சேமிப்பு மென்பொருளை நிறுவியிருந்தால் அது தன் பங்குக்கு இதை மாற்றிக்கொண்டே இருக்கும், ஆகவே டிஎல்பியின் அமைப்புக் கோப்பில்தான் மாற்ற வேண்டும். அதற்கு மேலும் முதல் சொல் விழுங்கப்பட்டால் வயர்பிளம்பரைப் பாருங்கள், அதுவும் 5 வினாடி சும்மா இருந்தால் கருவியை உறங்க வைத்துவிடும். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகப் போகும், என்னைக் கேட்டால் பரவாயில்லை.

10. சத்தம் வருகிறது, ஆனால் கரகரவென்று, வெடித்து வெடித்து வருகிறது.

வால்யூம் 100-ஐத் தாண்டி 150 வரை ஏற்றியிருக்கிறீர்களா? அப்படியென்றால் அது கோளாறு இல்லை, சத்தத்தை இழுத்து இழுத்து கிழித்துவிட்டீர்கள், 100-க்குக் கொண்டுவாருங்கள்.

அப்படி இல்லை, கணினிக்கு வேலை கூடும்போது மட்டும் கரகரக்கிறது என்றால் இடையகம் (சத்தத்தை முன்கூட்டிச் சேர்த்து வைக்கும் இடம்) போதவில்லை. பைப்வயர் சத்தத்தைத் துண்டு துண்டாக அனுப்புகிறது, துண்டின் அளவுக்கு குவான்டம் என்று பெயர். இயல்பாக வினாடிக்கு 48,000 சத்த மாதிரிகள் (சாம்பிள்), ஒரு துண்டில் 1024, அதாவது ஒவ்வொரு துண்டையும் சுமார் 21 மில்லிவினாடிக்குள் தயார் செய்தாக வேண்டும். செயலி அதற்குள் தராவிட்டால் அங்கே ஒரு வெற்றிடம், காதில் அது 'டிக்'. பிடபிள்யூ-டாப் என்று அடித்தால் ஓடுபவை எல்லாம் பட்டியலாக வரும், ஈஆர்ஆர் என்ற பத்தியில் எண் ஏறிக்கொண்டே போகும் செயலிதான் குற்றவாளி.

தற்காலிக மருந்து துண்டைப் பெரிதாக்குவது. பிடபிள்யூ-மெட்டாடேட்டா, கழித்தல் என், செட்டிங்ஸ், 0, பிறகு கிளாக் புள்ளி ஃபோர்ஸ்-குவான்டம், கடைசியாக 2048. கரகரப்பு நின்றால் காரணம் உறுதி. கடைசி எண்ணை 0 ஆக்கி அடித்தால் பழையபடி ஆகிவிடும், மறுதொடக்கத்திலும் தானாகப் போய்விடும், ஆகவே தைரியமாகச் சோதிக்கலாம். விளையாட்டிலும் இசைப்பதிவிலும் துண்டு பெரிதானால் சத்தம் கொஞ்சம் தாமதிக்கும், பாட்டு கேட்பவருக்கு அது தெரியப்போவதில்லை. மெய்நிகர் கணினிக்குள் லினக்ஸ் ஓட்டுபவர்களுக்குக் கரகரப்பு சகஜம், அதை வைத்து லினக்ஸை எடைபோட வேண்டாம்.

11. புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு அருமை. மீட்டிங்கில் சேர்ந்த நொடியில் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடுகிறது.

புளூடூத்தின் குணமே அதுதான். பாட்டுக்கான ஏ2டிபி ஒருவழிப் பாதை, நல்ல தரம், ஆனால் மைக் கிடையாது. மைக் வேண்டுமென்றால் எச்எஃப்பி என்ற அழைப்புப் பாதைக்கு மாற வேண்டும், அதில் குரல் பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ், அதுவும் மோனோ. செயலி மைக்கைத் திறந்ததும் வயர்பிளம்பர் தானாகவே பாதையை மாற்றிவிடுகிறது.

நான் செய்வது: 4-இல் சொன்ன கான்ஃபிகரேஷன் டேபில் ஹெட்செட்டை ஏ2டிபியிலேயே வைத்துவிட்டு, மீட்டிங் செயலியில் லேப்டாப்பின் மைக்கைத் தேர்ந்தெடுப்பேன். காதுக்கு நல்ல தரம், எதிரே இருப்பவருக்கும் என் குரல் தெளிவு. ஹெட்செட் இணைந்தும் சவுண்ட் பட்டியலில் வரவே இல்லையென்றால் டெபியன் வழி வந்தவற்றில் லிப்ஸ்பா-0.2-புளூடூத் என்ற தொகுப்பு விடுபட்டிருக்கலாம்.

12. அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது, நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை.

3-இல் சொன்ன அதே பட்டை வைத்தியம், இந்த முறை இன்புட் டிவைசஸ் டேபில். பேசும்போது பட்டை ஆடுகிறதா? ஆடினால் மீட்டிங் செயலி வேறு மைக்கைப் பிடித்திருக்கிறது, அல்லது பிரவுசரில் அனுமதி தரவில்லை. ஆடாவிட்டால் மைக் மியூட் விசையைப் பாருங்கள், பல லேப்டாப்களில் அதில் ஒரு குட்டி விளக்கு எரியும். அதுவும் இல்லை என்றால் ஆல்சாமிக்சரில் எஃப்4, கேப்சர் பட்டையின் மேல் ஸ்பேஸ் விசை.

ஹெட்செட்டின் ஊசியைப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையம் இருந்தால் மைக்கும் சேர்ந்தது, இரண்டுதான் இருக்கிறது என்றால் அது வெறும் ஹெட்போன், எந்தக் கட்டளையும் அதற்கு மைக் முளைக்க வைக்காது. மேசைக் கணினியில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் தனித்தனி ஓட்டை இருந்தால் மூன்று வளைய ஊசிக்கு பிரிப்பான் கேபிள் வேண்டும். குரல் போகிறது ஆனால் ஒரே இரைச்சல் என்றால், மைக் பூஸ்ட் என்ற பட்டை உச்சத்தில் இருக்கும், அதை இறக்கிவிட்டு கேப்சரை ஏற்றுங்கள்.

13. எல்லாம் சரி, ஆனால் விண்டோஸில் இருந்த கனம் இல்லையே?

விண்டோஸில் தயாரிப்பாளர் ஒரு மேக்கப் மென்பொருள் வைத்திருப்பார், அந்தச் சின்ன ஸ்பீக்கரைப் பெரிதாகக் காட்டும் ஒப்பனை அது. லினக்ஸில் கேட்பது ஸ்பீக்கரின் சொந்த முகம். ஈஸிஎஃபெக்ட்ஸ் நிறுவி ஈக்வலைசரில் கொஞ்சம் பேஸ் ஏற்றிக்கொள்ளலாம். நிறைய ஏற்றினால் 10-ஆம் கேள்விக்குத் திரும்பி வருவீர்கள்.

14. நேற்று வரை பாடியது. அப்டேட் செய்தேன், போய்விட்டது.

கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போனால் முந்தைய கெர்னல் இருக்கும், அதில் நுழைந்து பாருங்கள். சத்தம் வந்தால் குற்றம் புதிய கெர்னலில், அடுத்த அப்டேட் வரை பழையதிலேயே இருந்துவிடலாம். அதிலும் வரவில்லை என்றால் வயர்பிளம்பர் நினைவில் வைத்திருக்கும் பழைய தேர்வுகள் குழம்பியிருக்கலாம். உங்கள் ஹோம் அடைவில் மறைந்திருக்கும் புள்ளி லோக்கல், அதற்குள் ஸ்டேட், அதற்குள் வயர்பிளம்பர். அந்த அடைவின் பெயரை மாற்றிவிட்டு 6-இல் சொன்ன ரீஸ்டார்ட்டைக் கொடுங்கள், அது புதிதாக ஒன்று உருவாக்கிக்கொள்ளும். அழிக்காமல் பெயர் மாற்றுங்கள் என்று சொல்வது காரணத்தோடுதான், பலன் இல்லையென்றால் திரும்ப வைத்துவிடலாம்.

15. பல்ஸ்ஆடியோவை முழுதாக நீக்கிவிட்டு ஆல்சாவை மறுபடி நிறுவச் சொல்லி ஒரு குறிப்பு கிடைத்தது. செய்யலாமா?

வேண்டாம், கையை எடுங்கள். அந்த மாதிரிக் குறிப்புகள் பல வருடம் பழையவை. நீக்கும்போது அதைச் சார்ந்திருக்கும் தொகுப்புகளையும், சில சமயம் டெஸ்க்டாப்பின் பாதியையும், சேர்த்து நீக்கப்போவதாகப் பட்டியல் வரும், நாம் படிக்காமல் ஒய் அழுத்துவோம். நான் அழுத்தியிருக்கிறேன். மறுதொடக்கத்தில் கறுப்புத் திரையும் ஒரு மினுங்கும் கோடும்தான் மிச்சம், சத்தப் பிரச்சினையே மறந்துவிட்டது! புள்ளி ஏஎஸ்ஓயுஎன்டிஆர்சி என்று ஒரு கோப்பை ஹோமில் உருவாக்கச் சொல்வதும், பயனரை ஆடியோ குழுவில் சேர்க்கச் சொல்வதும் அதே ரகம். இப்போது உள்நுழைந்திருப்பவருக்கு அனுமதி தானாகவே கிடைக்கிறது, குழு தேவையில்லை. ஏற்கெனவே அப்படி ஒரு கோப்பை உருவாக்கியிருந்தால் வேறு எதைச் செய்யும் முன்னும் அதை அப்புறப்படுத்துங்கள்.

16. எல்லாம் செய்து பார்த்தாச்சு. இனி யாரிடம், என்ன சொல்லிக் கேட்பது?

"சத்தம் வரவில்லை" என்று மட்டும் எழுதினால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். டிஸ்ட்ரோவும் அதன் பதிப்பும், யூநேம் கழித்தல் ஆர் தரும் கெர்னல் எண், லேப்டாப்பின் முழு மாடல் பெயர், ஏபிளே தந்த பட்டியல், 3-இன் பட்டைகளில் எது வரை ஆடுகிறது, லைவ் யூஎஸ்பியில் என்ன ஆனது, இவ்வளவையும் உங்கள் டிஸ்ட்ரோவின் உதவி இடத்தில் எழுதுங்கள். ஆல்சா-இன்ஃபோ என்ற நிரல் இதில் பெரும்பகுதியைத் தானே சேகரித்துக் கொடுத்துவிடும், உதவுபவர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான்.

பதில் வரும் வரை காத்திருக்க முடியாத நிலை என்றால் ஒரு சின்ன யூஎஸ்பி சவுண்ட் அடாப்டரைச் செருகுங்கள். சாதாரண யூஎஸ்பி ஆடியோ தரத்தில் இயங்குபவை எல்லாம் தனி டிரைவர் கேட்காமல் ஓடும். 7-இல் சொன்ன ஆம்ப் தூங்கும் லேப்டாப் ஒன்றை என் உறவினர் எட்டு மாதம் அப்படித்தான் ஓட்டினார். கெர்னல் அப்டேட் ஒன்றில் ஸ்பீக்கர் விழித்துக்கொண்டது, அவர் கவனிக்கவே இல்லை, அடாப்டர் கழன்று விழுந்த அன்றுதான் தெரிந்தது.